இரவல் குப்பை

மலாக்காவில் பாத்திரம் துலக்குகிற கைகளில் பாதிக்குப் பூங்காவனத்தைத் தெரியாது. ஆனால் அவளுடைய சாம்பலைத் தெரியும். காஜா பெராங்கில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னச் சூளை உண்டு. பாசாரில் தேங்காய் துருவுகிறவர்கள் கழித்துப் போடும் சிரட்டைகளை அள்ளி வந்து அதில் எரிப்பாள். சாம்பலை மூன்று முறை சலிப்பாள். சாப்பாட்டுக் கடைகளில் பிழிந்து எறிகிற புளிச்சக்கையைக் காயவைத்து இடித்து அதில் கலப்பாள். பாக்கு மட்டையில் மடித்து, வாழைநாரால் கட்டி, தேய்ப்பதற்கென்று ஒரு பிடி தேங்காய் நாரையும் செருகிவிடுவாள். சாம்பல் தீர்ந்ததும் மட்டை அடுப்புக்குப் போகும், நார் மண்ணுக்குப் போகும். பன்னிரண்டு வருஷமாக அவள் தொழிலில் மிச்சம் என்று ஒன்று விழுந்ததே இல்லை. அதுதான் அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. ஜாலான் பெண்டஹாராவில் சிஹாபுதீனின் மளிகைக் கடைக்கு வழக்கம்போல் கூடையோடு போனாள். வாசலை ஒட்டிய கீழ்த்தட்டு அவளுடையது. அவள் பொட்டலங்களில் முக்கால்வாசி அந்தத் தட்டிலிருந்துதான் ஊருக்குள் போகும். சிஹாபுதீன் அவள் முகத்தைப் பார்க்காமல் மிளகாய் மூட்டையைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, இனிமே ஒன் சாம்பலுக்குப் பச்சைச் சாப்பு வேணும்."

"அது என்னா சாப்பு பாய்?"

அவர் ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்துக் காட்டினார். புக்கிட் ரம்பாயில் தயாராகும் நீலச்சேவல் சவர்க்காரம். சேவலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பச்சை வட்ட முத்திரை. வட்டத்துக்குள் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே 'ஆற்றுக்கு நல்லது' என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது.

"இதை ஒட்டுறது கட்டாயமா பாய்?"

"சேச்சே! யாரு சொன்னா? முழுக்க முழுக்க அவங்கவங்க விருப்பம்லா. ஆனா சாப்பு இல்லாத சாமான் ஒண்ணு கடையில இருந்தாக்கூட 'நதிநேசக் கடை'ங்கிற போர்டக் கழட்டிருவாங்களாம். போர்டு இல்லாத கடைக்குச் சுதந்திர விழா ஆர்டர் கிடையாதாம். அதனால ஆகஸ்டுக்குள்ள நீ விருப்பப்பட்டே ஆகணும் தங்கச்சி."

பூங்காவனம் விருப்பப்பட முடிவு செய்தாள்.

இந்தச் சாப்பின் வரலாறு சுருக்கமானது. ஆற்றங்கரையில் தூண்டில் போடுகிற பழக்கமுள்ள ஒரு துரை, ஒரு நாள் நீல நிறத்தில் ஒரு வாத்தைப் பார்த்தார். மறுவாரமே 'நதிநேசப் பொருள்கள் விருப்ப முத்திரைச் சங்கம்' பிறந்தது. ஆற்றைக் கெடுக்காத பொருள்களுக்கு அடையாளம் கொடுத்தால் சனங்கள் அதையே வாங்குவார்கள், மற்றவர்களும் திருந்துவார்கள் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் துரைக்கு ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது. எண்ணம் எழுதியிருந்த கோப்பும் அவர் பெட்டியோடு தவறுதலாகக் கப்பல் ஏறிவிட்டது. மேசை, நாற்காலி, மீன் படம், ஒரு பெரிய ரப்பர் முத்திரை ஆகியவை மலாக்காவிலேயே தங்கிவிட்டன. மிச்சத்தைச் சங்கத்தார் ஊகித்துக்கொண்டார்கள்.

சங்கத்தின் செயலாளர் மாணிக்கவாசகம் முப்பது வருஷம் கோர்ட்டில் கிராணியாக, குமாஸ்தா உத்தியோகத்தில், இருந்தவர். யார் எதைச் சொன்னாலும் அதில் குற்றம் கிடைக்குமா என்று ஒரு கண்ணை இடுக்கிக் கேட்பது அவர் பழக்கம். பூங்காவனத்தை நிற்கவைத்தே முதல் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க உங்க சொந்த விருப்பத்துலதானே வந்திருக்கீங்க?"

"இல்லீங்கய்யா. சிஹாபுதீன் பாய்தான் சொன்னாரு, இல்லேன்னா தட்டுல எடம் கிடையாதுன்னு..."

கிராணியார் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்லக் கூடாதும்மா. சொன்னா மனு செல்லாது. இது விருப்பத் திட்டம். விருப்பம்னு சொல்றது கட்டாயம்."

விருப்பத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார். விருப்பம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் வேண்டும் என்றார். பூங்காவனம் அதுவரை போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. விளக்கு வெளிச்சத்தில் மிரண்டு போய் உட்கார்ந்திருந்த முதல் படம், 'விருப்பம் போதவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இரண்டாவது தடவை போட்டோக்காரர் ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரிக்கவைத்து எடுத்தார். அது பல் அதிகமாகத் தெரிகிறது, விருப்பம் வரம்பு மீறியிருக்கிறது என்று திரும்பியது. மூன்றாவது படத்தில் அவள் களைத்துப் போயிருந்தாள். அதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு கேள்விகள். உங்கள் தொழிற்சாலையில் எத்தனை புகைபோக்கி? உங்கள் இயந்திரங்களுக்கு எந்த நாட்டு எண்ணெய்? ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது கிராணியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு ஆத்துலயோ லோங்காங்குலயோ எவ்வளவு கழிவு விடுறீங்க?"

லோங்காங் என்றால் தெருவோரக் கால்வாய். காஜா பெராங்கின் கால்வாய்கள் எல்லாம் கடைசியில் ஆற்றில்தான் போய் விழுகின்றன.

"ஒண்ணும் விடுறதில்லீங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்லீங்க. கழிக்கிற பொருளத்தான் நான் எடுத்தாந்து சாம்பலாக்குறேன். மிச்சம் விழாது."

கிராணியார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். நோய் முற்றிய பிறகு கொண்டு வந்திருக்கிறார்களே என்று டாக்டர் பார்க்கிற பார்வை.

"அம்மா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சாப்பு குடுக்கிறதே கழிவைக் குறைச்சவங்களுக்குத்தான். நூத்துக்குப் பத்தாவது குறைச்சிருக்கணும். உங்ககிட்ட கழிவே இல்ல. எதக் குறைப்பீங்க? நீலச்சேவல் கம்பெனியப் பாருங்க. தினம் முப்பது பீப்பா நீலத் தண்ணிய ஆத்துல விட்டவங்க. இன்னைக்கு இருபத்தேழு. மூணு பீப்பாய விட்டுக்குடுத்திருக்காங்க! முதல் வகுப்பு சாப்பு. நீங்க இந்த ஆத்துக்காக எதம்மா விட்டுக்குடுத்தீங்க?"

பூங்காவனத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. பன்னிரண்டு வருஷமாக ஒரு கூடைக் குப்பைகூடக் கொட்டாமல் இருந்துவிட்டோமே என்று மனசு கூசியது.

"இப்ப என்னங்கய்யா பண்றது?"

கிராணியார் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லக் கூடாது. ஆனா விதியில எடம் இருக்கு. ஒரு மாசம் தினம் பத்துக் கூடை லோங்காங்குல கொட்டுங்க. எங்க சோதனை அதிகாரி வந்து அளப்பாரு. அடுத்த மாசம் ஒம்பதாக் குறைச்சிருங்க. நூத்துக்குப் பத்து சரியா வரும். கையெழுத்துப் போட்டுச் சாப்பு குடுத்திருவோம்."

அவள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். புருஷன் மருதமுத்து நகரசபையில் கால்வாய் சுத்தம் செய்கிறவன். காலையில் மண்வெட்டியோடு இறங்கினால், காஜா பெராங் சாலை நெடுக அடைத்துக் கிடப்பதையெல்லாம் வாரி மேட்டில் போட்டுவிட்டுத்தான் ஏறுவான். தன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

"பத்துக் கூடையா?" என்றான். "நம்ம வீட்ல குப்பை ஏது?"

இருவரும் வீட்டைத் தேடினார்கள். பல் போன ஒரு சீப்பு கிடைத்தது. அதுவும் கொஞ்சம் நல்ல சீப்பாகத்தான் இருந்தது. பூங்காவனம் கவலையோடு திண்டாடி நின்றாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏங்க, நீங்க காலையில வாரிப் போடுறீங்களே..."

"அது சபையோட குப்பை, பூங்காவனம்."

"சும்மா இரவலாத்தாங்க. சாயங்காலம் அவரு அளந்ததும் மறுநாள் காலையில நீங்களே எடுத்துக்கலாமே."

 தட்டு போனால் சூளை அணைந்துவிடும். சூளை அணைந்தால் அவளுக்கு முகம் செத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். "சரி" என்றான்.

ஜூலை மாதம் முழுதும் இந்தக் குப்பை காஜா பெராங்கில் உத்தியோகம் பார்த்தது. காலையில் மருதமுத்து அதைக் கால்வாயிலிருந்து வாரி மேட்டில் போடுவான். மத்தியானம் பூங்காவனம் பத்துக் கூடைகளில் அள்ளி வைப்பாள். நாலரை மணிக்குச் சோதனை அதிகாரி கருணாகரன் குடையும் அளவுகோலுமாக வந்து நிற்பார். ஒவ்வொரு கூடையிலும் கோலை விட்டு ஆழம் பார்ப்பார். நோட்டில் எழுதுவார். 'கொட்டலாம்' என்று குடையை ஆட்டியதும் பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு கால்வாயில் கவிழ்ப்பாள். மறுநாள் காலை மருதமுத்து மறுபடி வாருவான்.

கருணாகரன் கண்டிப்பானவர். ஒரு நாள் எட்டாவது கூடையில் கால் சாண் குறைந்தபோது அதைத் தள்ளிவிட்டார்.

"என்னாம்மா இது, ஏனோதானோன்னு! நீங்க இப்ப ஒழுங்காக் கொட்டினாத்தானே அடுத்த மாசம் ஒழுங்காக் குறைக்க முடியும்?"

பூங்காவனம் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் இரண்டு கை குப்பை கேட்டு வாங்கி வந்து நிரப்பினாள். அரிசி, சர்க்கரை இரவல் கேட்டுப் பழகிய வீடுதான். இதைக் கேட்டபோது அந்த வீட்டுக்காரி கொஞ்சம் யோசித்தாள்.

ஒரே குப்பையே திரும்பத் திரும்ப வந்ததால் முகங்கள் பழகிவிட்டன. அதில் சிவப்புச் சாயம் அடித்த மரக்கட்டைச் செருப்பு ஒன்று, இடது கால். அது எந்தக் கூடையில் போட்டாலும் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் அது கண்ணில் படாவிட்டால் மருதமுத்து தேடுவான். "ஒன் ஆளு இன்னைக்குச் செட்டித் தெரு மொடக்கு வரைக்கும் போயிருச்சு" என்று வந்து சொல்லுவான். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவான். ஆனால் முதல் வாரத்துச் சிரிப்பு மூன்றாம் வாரத்தில் இல்லை.

ஆகஸ்டு முதல் தேதி ஒன்பது கூடை. கருணாகரன் நோட்டை மூடி, குடையைக் கக்கத்தில் இடுக்கி, அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஒரு கூடை குப்பைய ஆத்துக்குப் போகாமக் காப்பாத்திட்டீங்கம்மா. இந்த ஆறு உங்கள மறக்காது."

பூங்காவனத்துக்கு ஒரு விநாடி பெருமையாகக்கூட இருந்தது. உடனே அந்தப் பெருமையை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

அடுத்த இடைஞ்சல் சாப்பு ரூபத்திலேயே வந்தது. ஒட்டிப் பார்க்கச் சங்கம் முன்கூட்டியே கொடுத்த பச்சை மீன் காகிதம் பாக்கு மட்டையில் ஒட்ட மறுத்தது. மட்டைக்குச் சொரசொரப்பு. பசை பிடிக்கவில்லை. கிராணியார் விதியைப் புரட்டினார். 'சாப்பு பளபளப்பான பரப்பில் ஒட்டப்பட வேண்டும்' என்று இருந்தது. ஆகவே மட்டைக்கு மேல் கண்ணாடிக் காகிதம், அதற்கு மேல் சாப்பு, சாப்பு நனையாமல் இருக்க அதற்கு மேல் இன்னொரு கண்ணாடிக் காகிதம். அந்த மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்தால் கால்படி குப்பை விழுந்தது. நீலச்சேவல்காரர்கள் ஒரு கட்டிக்கு நாலு சுற்றுக் காகிதம் சுற்றி, நாலிலும் மீன் போட்டிருந்தார்கள். பிரித்த காகிதமெல்லாம் ஊர் வழக்கப்படி தெருவோரக் கால்வாய்க்குப் போயிற்று. மருதமுத்துவின் மண்வெட்டியில் தினமும் நூறு மீன் சிரித்தது.

கடைசி வாரம் ஒரு கடிதம் வந்தது. 'இறுதி அளவு ஆகஸ்டு இருபத்தெட்டு மாலை நான்கு மணிக்கு, பரிசளிப்பு விழா முடிந்ததும் எடுக்கப்படும். அதுவரை மேற்படி அளவுக் குப்பையைக் கால்வாயிலிருந்து யாரும் அகற்றக் கூடாது. அகற்றினால் மனு தள்ளுபடியாகும்.' அகற்றக் கூடாதென்றால் யார் அகற்றக் கூடாது? மருதமுத்துதான். கருணாகரன் அந்தக் கடிதத்தில் ஒரு படியை அவன் கையிலேயே கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஏழு நாள். தினம் ஒன்பது கூடை. மருதமுத்து மற்ற இடங்களையெல்லாம் சுத்தம் செய்துவிட்டு, தன் வீட்டுக்குப் பின்னால் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். தண்ணீர் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுபோயிற்று. மேஸ்திரி வந்து, "என்னா மருதமுத்து, இருபது வருசத்துல ஒன் லோங்காங்குல நான் மூக்கப் பொத்தினதில்ல" என்றார். அவன் அன்றிலிருந்து பின்வாசல் வழியாக வருவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தான். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினான். பூங்காவனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஆகஸ்டு இருபத்தெட்டு. சுதந்திரத்துக்கு மூன்று நாள். அவர்கள் வீட்டுப் பின்பக்கக் கால்வாயையே ஒட்டியிருந்த காஜா பெராங் சங்க மண்டபத்தில் தோரணம், வரிசையாக நாற்காலி, மேடையில் பச்சைத் துணி. பூங்காவனத்துக்கு மூன்றாம் வகுப்பு சாப்பு. மருதமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலோரம் நின்றான். சிஹாபுதீன் முன்வரிசையில் இருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

சங்கத் தலைவர் கணேசமூர்த்தி எழுந்தார். நீலச்சேவல் கம்பெனியின் முதலாளியும் அவர்தான்.

"அன்பர்களே! கட்டாயப்படுத்துவது வெள்ளைக்காரன் வழக்கம். இன்னும் மூன்றே நாளில் நாம் சுதந்திர மக்கள். சுதந்திர நாட்டில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நாங்கள் சொல்வதை நீங்களாகவே விரும்பிச் செய்துவிட வேண்டும்!"

கைதட்டல்.

"நீலச்சேவல் கம்பெனிக்கு முதல் வகுப்பு எப்படி என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அந்த மனு சங்கத் தலைவராகிய என்னிடம் வந்தபோது, முதலாளியாகிய நான் ஒரு சலுகையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுக்கிறவன் அல்ல, அது எனக்குத் தெரியும். முடிவெடுக்கும் நேரத்தில் நான் அறையை விட்டே வெளியே போய்விட்டேன். அறையில் வேறு யாரும் இல்லாததால் முடிவு ஒருமனதாக அமைந்தது."

மறுபடியும் கைதட்டல். மண்டபத்தின் பின்வாசல் வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது.

"முப்பது பீப்பாய் இருபத்தேழானது எப்படி? உழைப்பால்! பழைய பீப்பாய்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய பீப்பாய்களாக வாங்கினோம். அதன் பலனை ஆற்றிலே காண்கிறீர்கள். என் சின்ன வயதில் இந்த ஆறு வெறும் சேற்று நிறம். இன்று போய்ப் பாருங்கள். நீலம்! படத்தில் வரைகிற ஆறு மாதிரி நீலம்!"

பின்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு நடுவரிசை. தலைவர் கையிலிருந்த காகிதத்தில் பத்து பக்கம் பாக்கி இருந்தது. "நமது கால்வாய்கள் இன்று மலாயாவுக்கே முன்மாதிரி" என்று அவர் படித்தபோது, முன்மாதிரி முழங்காலைத் தொட்டுவிட்டது. இரண்டு வரிசைகளுக்கு நடுவே சிவப்பு மரக்கட்டைச் செருப்பு ஒன்று நிதானமாக மிதந்து வந்து மேடைப்படியில் முட்டி நின்றது. வாசலில் மருதமுத்து அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரங்கே! கால்வாய்க்காரன் எங்கே?" என்று தலைவர் நாற்காலியில் ஏறி நின்று கத்தினார்.

மருதமுத்து முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தான். "நான் தொடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்கய்யா."

"சரிதான்" என்றார் கருணாகரன், இன்னொரு நாற்காலியிலிருந்து. "அது அளவுக் குப்பை. நாலு மணிக்குத்தான் கடைசி அளவு. இப்ப மூணு பத்து. இப்ப எடுத்தா ரெண்டு மாசத்து அளவும் வீண்."

"அனுமதி குடுக்கலாம்" என்றார் கிராணியார். "ஆனா கமிட்டி கூடணும். கூடுறதுக்கு ஏழு நாள் முன்னாடி அறிவிப்புக் குடுக்கணும்."

ஏழு நாள் என்றால் சுதந்திரம் வந்து நாலு நாள் ஆகியிருக்கும். சிஹாபுதீன் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அல்லாவே, அதுக்குள்ள நம்ம கட கடல்ல கெடக்கும்" என்றார். கமிட்டிக்காரர்கள் நாற்காலிக்கு நாற்காலி விதியைப் பற்றி விவாதித்தார்கள்.

பூங்காவனம் மேடையோரம் தண்ணீரில் நின்றாள். மேசைமேல் தட்டில் அவள் சாப்பு இருந்தது. கை நீட்டினால் எட்டிவிடும். ஐம்பது நிமிஷம் பொறுத்தால் அது அவளுடையது, வாசலை ஒட்டிய கீழ்த்தட்டும் அவளுடையது. புருஷனைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையோடு, கையில் அந்தக் கடிதத்தோடு, தன்னுடைய கால்வாய்த் தண்ணீரில் முழங்கால் வரை நின்று, அதை இறக்கிவிட அனுமதி கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு இவ்வளவு நாள் எதைக் காப்பாற்ற எதைக் கெடுத்தோம் என்று ஆத்திரமாக வந்தது.

"ஐயா" என்றாள். "இந்தச் சாப்பு விருப்பம்தானே?"

"முழுக்க முழுக்க!" என்றார் தலைவர். வெள்ளத்திலும் அந்தப் பதில் மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது.

"அப்ப எனக்கு விருப்பமில்லைங்க."

  இப்படி ஒரு பேச்சைச் சங்கம் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"அதுக்குப் பாரம் இல்லையேம்மா!" என்று கிராணியார் அலறினார். "விருப்பமில்லேன்னு சொல்றதுக்கு நாங்க மனுப் பாரமே அச்சடிக்கலியே!"

"மனு வேணாம்னு சொல்லிட்டேன்ல. அப்புறம் அந்தக் குப்பை என்னா குப்பை?"

கருணாகரன் நோட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அவர் நேர்மையான மனுஷர். "மனு இல்லேன்னா... வெறும் குப்பைதான்" என்றார்.

மருதமுத்துவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பூங்காவனத்தின் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். கொட்டுகிற மழையில் கால்வாயில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் கைவிட்டு வாரினான். மேலே அவர்களுடைய கூடைக் குப்பை, அது லேசாக வந்துவிட்டது. அதற்குக் கீழே பாய் மாதிரி கெட்டித்துப் போய்க் கிடந்தது பச்சை மீன் காகிதம். ஏழு நாளாக மிதந்து வந்து அடைத்த ஊர்ச் சாப்புகள். அடுக்கடுக்காகப் பிய்த்து மேட்டில் எறிந்தான். கிராணியார் குடையோடு ஓடிவந்து, "அதைக் குப்பையோட போடாதப்பா, அது சங்கத்துச் சொத்து!" என்றார். கடைசிக் கட்டு பெயர்ந்ததும் கால்வாய் ஒரு பெரிய மடக்கை விழுங்கிவிட்டு ஓடத் தொடங்கியது. தண்ணீர் சத்தம் கேட்டு மருதமுத்து நிமிர்ந்தான். பூங்காவனம் அவன் சட்டையை நனையாமல் மார்போடு பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று சிரித்தாள், அழவும் செய்தாள்.

மறுநாள் காலை அவள் பொட்டலங்கள் தட்டிலிருந்து இறக்கப்பட்டன. அதற்கடுத்த நாள் சிஹாபுதீன் தானே காஜா பெராங்குக்கு வந்து பின்வாசலில் நின்றார். சுதந்திர விருந்துக்கு ஆக்குகிற அண்டாக்கள் எல்லாம் சங்க மண்டபத்தில்தான் இருந்தன. வெள்ளம் ஏறிச் சேறு பிடித்துவிட்டது. நீலச்சேவல் போட்டுத் தேய்த்ததில் சேறு போகவில்லை, அண்டா மட்டும் நீலமாகிவிட்டது.

"நீல அண்டாவுல பிரியாணி ஆக்குனா எவன் திம்பான் தங்கச்சி? ஒரு மூட்டை சாம்பல் குடு. இனிமேயும் குடு. தட்டுல வைக்க முடியாது, போர்டு போயிரும். மேசைக்கு அடியில வச்சிக்கிறேன். கேக்கறவங்களுக்கு எடுத்துக் குடுப்பேன்."

பூங்காவனம் பாக்கு மட்டையில் கட்டிக் கொடுத்தாள். கண்ணாடிக் காகிதம் இல்லை, மீன் இல்லை. சுதந்திரம் வந்தது, அண்டாக்கள் மின்னின. ஒரு மாதத்துக்குள் ஜாலான் பெண்டஹாராவில் எல்லாரும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துத்தான் சாமான் கேட்டார்கள். நதிநேசக் கடை என்ற போர்டும் அதன் பாட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் சங்கத்திலிருந்து ஒரு பெரிய கட்டு வந்தது. கூடவே கடிதம். மருதமுத்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

'சாப்பு பெற விருப்பமில்லாதவர்கள், தங்கள் விருப்பமின்மையை விருப்பத்துடன் தெரிவித்துக்கொள்ளும் பொருட்டு, இத்துடன் வரும் சிவப்புச் சாப்பை ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டலாம். இது கட்டாயமல்ல. ஒட்டாதவர்கள், ஏன் ஒட்டவில்லை என்பதை மாதந்தோறும் நேரில் வந்து தெரிவிக்கவும்.'

கட்டைப் பிரித்தார்கள். இரண்டாயிரம் காகிதம், ஒவ்வொன்றும் பொட்டலத்தைவிடப் பெரிது. சிவப்பு வட்டத்துக்குள் அதே மீன், இந்தத் தடவை மல்லாந்து கிடந்தது.

பூங்காவனம் கட்டை அப்படியே தூக்கிப் போய்ச் சூளையில் போட்டாள். வந்த பொருளை வீணாக்காத கை அது. சிவப்பும் ஊதாவுமாகப் புகை வந்தது. மறுநாள் காலை சாம்பலை அள்ளி மூன்று முறை சலித்தாள். ஒரு சிட்டிகை எடுத்துத் தன்னுடைய பித்தளைச் செம்பைத் தேய்த்துப் பார்த்தாள். செம்பு கறுத்தது. கழுவிவிட்டு மறுபடி தேய்த்தாள். இன்னும் கறுத்தது. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். புளிச்சக்கை போட்டுப் பார்த்தாள், அதற்கும் மசியவில்லை. செடிக்குப் போடலாமா என்று கத்திரிச்செடியைப் பார்த்தாள். மனசு வரவில்லை. ஒரு கூடை நிறைய அந்தச் சாம்பல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் தொழிலில் மிச்சம் விழுந்திருந்தது.

"ஏங்க, இது ஒண்ணுத்துக்கும் ஆகாது போலிருக்கே. எங்க கொட்டுறது?"

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பின மருதமுத்து, கூடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கொட்டிராத, அப்படியே வையி" என்றான். "கருணாகரன் ஐயாவக் கூட்டியாறேன். இப்பத்தான் ஒனக்குச் சாப்பு வாங்கத் தகுதி வந்திருக்கு."